முட்டையைப் புதைத்த நார்

கூண்டில் நான் வளர்க்கும் ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவை ஜோடி இரண்டு தடவை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. கூட்டைப் பிரித்தபோது மனசு கனத்துப்போனது: மேலே நாலு முட்டை, அதற்கடியில் நார், அந்த நாருக்கும் அடியில் சில்லென்று ஐந்து முட்டை. தப்பு என்னுடையதுதான். கூடு கட்டக் கொடுத்த நாரைக் கூண்டிலேயே விட்டிருந்தேன்; அது கிடைக்கிறவரை ஆண் பறவை முட்டை மேலேயே கூடு கட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை முதல் முட்டையைக் கண்டதும் நாரை முழுக்க எடுத்துவிட்டேன். எட்டிப் பார்ப்பதையும் குறைத்தேன். இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. 13ஆம் நாள் மெல்லிய கீச்சுச் சத்தம்! அன்றிலிருந்து தினையோடு, வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்து வைத்தேன். சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் மிச்சத்தை மதியத்துக்குள் எடுத்துவிடுவேன். பொரிந்த 20ஆம் நாள், கறுத்த அலகோடு மூன்று குஞ்சுகள் கூட்டு வாசலில் வந்து உட்கார்ந்தன.