காம்பஸ் வைத்து மலையில் வழி பிடிப்பது எப்படி

அடியில் தெளிவான பிளாஸ்டிக் தட்டு, மேலே 360 டிகிரி குறித்த சுழலும் வளையம், உள்ளே திரவத்தில் ஆடும் முள்: ட்ரெக்கிங்குக்கு இந்த வகை காம்பஸ் போதும். கூடவே 1:50,000 அளவிலான சர்வே ஆஃப் இந்தியா வரைபடம் வேண்டும். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. வரைபடம் இல்லாவிட்டால் காம்பஸ் வடக்கைச் சொல்லும், வழியைச் சொல்லாது.

நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தட்டின் நீள விளிம்பால் இணையுங்கள். தட்டிலுள்ள பயண அம்பு போகும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையத்தை மட்டும் திருப்பி, அதனடியிலுள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்கு-தெற்குக் கோடுகளோடு இணையாக்குங்கள். வளையத்தின் வடக்குக் குறி வரைபடத்தின் மேற்பக்கம் இருக்கட்டும். இதுவரை முள்ளைப் பார்க்கவே வேண்டாம்; பலர் குழம்புவது இங்கேதான்.

இப்போது காம்பஸை நெஞ்சளவில் மட்டமாகப் பிடித்து, முள்ளின் சிவப்பு முனை வளையத்தின் அடியில் வரைந்திருக்கும் அம்புக்குள் அடங்கும்வரை உடம்போடு திரும்புங்கள். பயண அம்பு காட்டும் பக்கம் ஒரு பாறையோ தனிமரமோ குறித்துக்கொண்டு அதுவரை நடங்கள், பிறகு அடுத்த குறி. முள்ளையே பார்த்து நடந்தால் கால் பிசகும், திசையும் பிசகும்.

பயண அம்பைத் தலைகீழாக வைத்துவிட்டால் 180 டிகிரி மாறி நேர் எதிரே போவீர்கள். காலையில் மேற்கே போகிறவருக்கு வெயில் முதுகில் அடிக்க வேண்டும். கிளம்புமுன் அதைப் பாருங்கள். 5 டிகிரி பிசகினாலும் 1 கி.மீ.யில் சுமார் 87 மீட்டர் விலகும். அதனால் ஓடைப் பாலத்துக்கு நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே சற்று இடப்பக்கம் போனால், ஓடையை எட்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது நிச்சயம்.

முள் காட்டும் காந்த வடக்கும், வட துருவம் இருக்கும் உண்மை வடக்கும் தமிழகத்தில் ஏறத்தாழ 2 டிகிரிக்குள்தான் வேறுபடும். தொடக்கத்தில் கணக்கில் சேர்க்க வேண்டாம். நியூசிலாந்தின் தென்தீவில் அது 20 டிகிரியைத் தாண்டும், அங்கே விட்டால் ஆபத்து. நமக்கு உண்மையான தொல்லை வேறு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு மட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியே போவதால், ஐரோப்பாவுக்கென்று சமன்செய்த முள் இங்கே ஒரு பக்கம் சாய்ந்து அடியில் உரசும். வாங்கும்போதே மட்டமாகப் பிடித்து, முள் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். செல்போன் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் பட்டு முள் தலைகீழாகவே மாறிவிடுவதுண்டு.

காட்டுக்குப் போகுமுன் மைதானத்தில் ஒரு காசைப் போட்டு 0, 120, 240 டிகிரிகளில் தலா 50 எட்டு நடங்கள். காசுக்கு இரண்டு மூன்று எட்டுக்குள் திரும்பி வந்தால் சரி.