பாலிபியூட்டிலீன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முந்தைய நாள் மாலை அச்சில் வார்த்த பாலிபியூட்டிலீன் பிளாஸ்டிக் துண்டுகளை, புதிதாகச் சேர்ந்த இருவர் காலையிலேயே இழுவிசை இயந்திரத்தில் பூட்டிக்கொண்டிருந்ததை அண்மையில் கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். தடிமனைச் சரியாக அளப்பது போன்ற பாடங்களை இங்கே எழுதப்போவதில்லை.

வார்த்த மறுநாளே சோதிப்பது

அமெரிக்க வீடுகளில் 1978 முதல் 1995 வரை குடிநீர்க் குழாயாகப் பதிக்கப்பட்டதும், ஐரோப்பாவில் வெப்பமூட்டும் குழாய்களில் இன்றும் பயன்படுவதுமான இந்தப் பிளாஸ்டிக், உருகிய நிலையிலிருந்து ஆறும்போது முதலில் 'இரண்டாம் வடிவம்' எனப்படும் நிலையற்ற படிகமாகவே உறைகிறது. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களில் அது தானாகவே 'முதல் வடிவமாக' மாறுகிறது. 11 அலகுகளுக்கு 3 சுற்று என்றிருந்த சங்கிலிச் சுருள், 3 அலகுகளுக்கு 1 சுற்றாக மாறி, சங்கிலிகள் நெருக்கமாக அடுங்குவதால் அடர்த்தி கூடுகிறது, துண்டு சற்றுச் சுருங்குகிறது, விறைப்பும் வலிமையும் உயர்கின்றன.

இதை அறியாமல் இரண்டாம் நாளே சோதித்து, விறைப்பு போதாது என்று அறிக்கை எழுதினேன். குழாய் தயாரித்த ஆலை அந்தத் தொகுதி முழுவதையும் அரைத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அலமாரியில் மீந்துகிடந்த துண்டு ஒன்றை எடுத்தேன். முன்பு விரலைச் சுற்றி ரப்பர் போல வளைந்தது, இப்போது வளைய மறுத்தது. இழுத்துப் பார்த்ததில் எல்லா அளவுகளும் வரம்புக்குள்தான் இருந்தன. வார்த்த தேதி எழுதாத துண்டு மேசைக்கு வந்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அவசரத்துக்குச் சூடேற்றுபவர்களும் உண்டு. மாற்றம் மிக வேகமாக நடப்பது 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் என்பதால், சூடு அதைத் தாமதப்படுத்தவே செய்யும். உருக்கி ஒட்டிய இணைப்பிலோ நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

பாலிபியூட்டடையீன் என்று எண்ணுவது

பாலிபியூட்டடையீன் ரப்பர். பாலிபியூட்டிலீன் அதுவன்று.

வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பது

குடிநீரில் கலந்த குளோரின் குழாயின் உட்சுவரையே முதலில் ஆக்ஸிஜனேற்றி நொறுங்கவைக்கிறது. வெளியே சாம்பல் நிறம் மாறாதிருக்கும்போதே உள்ளே நுண்பிளவுகள் ஓடியிருக்கும். 1995-இல் குறைந்தது 95 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமான, இக்குழாய்களின் கசிவு குறித்த அமெரிக்க வழக்கில் குழாயோடு அசெட்டல் என்ற வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன இணைப்புகளும் சிக்கியதற்குக் காரணம், அவற்றையும் குளோரின் அரித்ததுதான். கசிந்த குழாய் கைக்கு வந்தால் நீளவாக்கில் பிளந்து உட்சுவரைப் பாருங்கள். இணைப்பையும் வெட்டிப் பாருங்கள்.