சிவில் கோர்ட் டிகிரிக்குக் கருணை மனு: கெடு கழிந்துபோகும் தவறுகள்

கடலுக்குப் போகிறவர் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கும்போது புரோநோட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சீசன் சரியில்லை, பணம் திரும்பவில்லை, முன்சீப் கோர்ட்டில் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, ஆகிவிட்டது. இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், "ஜனாதிபதிக்கு ஒரு மனு போட்டுப் பார்க்கலாமே" என்பார். தபால் ரசீதைத் தவிர அந்த மனுவால் கையில் எதுவும் மிஞ்சாது. கூடவே மேல்முறையீட்டுக் கெடுவும் கழிந்துபோகும். பெரிய நஷ்டம் அதுதான்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு ஜனாதிபதிக்கும், 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் மன்னிக்கும் அதிகாரம் தருகின்றன. இரண்டும் "குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்" பற்றியே பேசுகின்றன. தண்டனை கொடுத்தது அரசு, ஆகவே அரசு அதைக் குறைக்கலாம், நீக்கலாம். புரோநோட்டுக் கடன் இரண்டு தனி ஆட்களுக்கு இடையில் உள்ளது. பலசரக்குக் கடைப் பற்றைப் பஞ்சாயத்துத் தலைவர் தள்ளுபடி செய்ய முடியுமா? அதே கணக்குதான். பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துக்கான நஷ்டஈடு எல்லாமே இதில் அடக்கம். விபத்து வழக்கில் டிரைவரின் சிறைத்தண்டனை குறைக்கப்பட்டாலும் நஷ்டஈட்டில் ஒரு பைசா குறையாது. கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அது அரசாணையால் வரும் திட்டம், கருணை மனுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் மீனவர் கரையில் மன்னிப்பு மேல் இவ்வளவு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 30-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் ஐந்து தமிழக மீனவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. அடுத்த மாதமே அப்போதைய இலங்கை ஜனாதிபதி ராஜபக்ச மன்னித்தார், ஐவரும் ஊர் திரும்பினார்கள். அதிலிருந்து தவறான பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கிரிமினல் தண்டனை, மன்னித்ததும் அந்த நாட்டு ஜனாதிபதி. இலங்கை நீதிமன்றம் தண்டித்தவரை 72-ஆவது பிரிவின் கீழ் விடுவிக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதினால் பயன் கிடையாது. மன்னிக்கும் அதிகாரம் இலங்கை அரசியலமைப்பின் 34-ஆவது பிரிவில் அந்த ஜனாதிபதியிடம் இருக்கிறது. நம் அரசு தூதரகம் வழியாக வலியுறுத்தலாம், அவ்வளவே.

இலங்கையில் பிடிபட்ட படகு விஷயம் வேறு. ஆள் விடுதலையானால் படகும் தானே வரும் என்று இருந்துவிடுவது பெரிய தப்பு. அங்கே ஊர்காவற்றுறை கோர்ட்டோ மன்னாரோ பருத்தித்துறையோ, படகு மீதான உரிமை விசாரணை தனியாக நடக்கும். உரிமையாளர் பதிவுச் சான்று முதலான அசல் ஆவணங்களோடு நேரில் ஆஜராகாவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடலாம். படகில் போன டிரைவர் வீடு வந்துவிட்டார் என்பதற்காக உரிமையாளர் வாய்தாவை விட்டுவிடக் கூடாது.

இனி நம் ஊர் டிகிரிக்கு வருவோம். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், இந்தக் கெடு அதில் பாதிதான். சம்மனுக்குப் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். கடலில் இருந்தேன், சம்மன் கையில் சேரவே இல்லை என்றால், அதை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். மேல்முறையீடு போட்டாச்சு, இனி ஜப்தி வராது என்று நினைப்பதும் தவறு. தடை உத்தரவைத் தனி மனுவில் கேட்டு வாங்காதவரை ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான அமீனா வரத்தான் செய்வார். பண டிகிரி என்றால் தடைக்கு ஈடாக ஒரு தொகையைக் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு வழி உண்டு. டிகிரியை நிறைவேற்றக் கெடு 12 வருடம் என்பதால், நாளாகிவிட்டது, எதிராளி மறந்திருப்பார் என்ற கணக்கும் செல்லாது. ஒரு ஆறுதல்: உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், மதவழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது.

டிகிரி கடனுக்காகச் சிறைக்கு அனுப்பினால் அது தண்டனை இல்லையா, அதற்காவது கருணை மனு போடலாமே என்று கேட்பார்கள். தண்டனை இல்லை. அது கடனைக் கட்ட வைக்கும் சிவில் காவல். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு அதிகபட்சம் 3 மாதம், 2,000-க்கு மேல் 5,000 வரை 6 வாரம். உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுப் பேட்டாவை டிகிரி வாங்கியவர்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விட்டுவிடுவார்கள். வெளியே வந்தாலும் கடன் தீராது. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறவரைத்தான் உள்ளே வைக்கலாம், வெறும் வறுமைக்காக வைக்கக் கூடாது என்று 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் துணை. ஆனால் காரணம் கேட்டு நோட்டீஸ் வரும் வாய்தாவில் ஆஜராகி, படகு இல்லை, வருமானம் இவ்வளவுதான் என்று காட்டினால்தான் அது உதவும். வீட்டில் இருந்துகொண்டால் வாரண்ட்டுக்கு வழி விடுகிறீர்கள்.

பணமில்லாமல் திரும்பிய செக் வழக்கை நம்மவர்கள் சிவில் என்பார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கும் குற்ற வழக்கு அது. 2 வருடம் வரை சிறை, செக் தொகையில் இரட்டிப்பு வரை அபராதம். வக்கீல் நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் வழக்கே எழாது. அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் இங்கே வாடிக்கை, சரியான முகவரிக்கு வந்திருந்தால் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தண்டனை ஆன பிறகும், அப்பீல் கட்டத்திலும்கூட எதிராளியோடு சமாதானம் பேசி முடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கருணை மனுவுக்குச் செலவழிக்கும் நாளை இதற்குச் செலவழிக்கலாம்.

சிவில் கடனையும் மக்கள் நீதிமன்றத்தில் தவணை பேசி முடிக்கலாம். வழக்குப் போட்டவருக்குக் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைப்பதால் அவரும் பேச வருவார். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது, அதனால் தடைக்கால மாதங்களில் தவணையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போகும்போது தீர்ப்பு நகலைக் கொண்டுபோங்கள், கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.