சவ்வு வளைந்தது சரி, வளைத்தது யார்?

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒரு வீடியோவோடு ஓடிவந்தான். உருண்டையாக மிதந்துகொண்டிருந்த லிப்பிட் வெசிக்கிள் (செல்லின் சவ்வைப் போலக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நுண்பை), புரதம் விட்ட சில நிமிடங்களில் தளர்ந்து, நூல் நூலாகக் குழாய் விட்டது. "அக்கா, என் புரதம் சவ்வை வளைக்குது" என்றான். "பஃபரை மட்டும் விட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்; புரதம் கரைந்திருக்கும் உப்புக் கரைசல்தான் பஃபர். இல்லை என்றான். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் அதே சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

கண்ணாடியைச் சரியாகக் கழுவாதது, பழைய லிப்பிட்டை எடுத்தது எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல முடிவு போலவே தோன்றும் தவறுகள்தான் ஆபத்தானவை.

உப்பு செய்ததைப் புரதத்தின் கணக்கில் எழுதுவது

வெசிக்கிளுக்கு உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ், இரண்டும் 200 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் செறிவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளும் புறமும் சமம். இப்போது சுத்திகரித்த புரதத்தை அது இருந்த பஃபரோடு அப்படியே விடுகிறீர்கள். அந்தப் பஃபரில் 500 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. உப்பு தண்ணீரில் இரண்டு அயனியாகப் பிரிவதால் அது கிட்டத்தட்ட 1000 மில்லிஆஸ்மோல். ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு விட்டாலே வெளிக்கரைசல் 280-ஐத் தொடும். வெசிக்கிளிலிருந்து தண்ணீர் வெளியேறி, கன அளவு ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறையும். சவ்வின் பரப்பு மட்டும் குறையாது. மிஞ்சிய நீரை உருண்டையாக மூட 80 சதவீதப் பரப்பு போதும். மீதி 20 சதவீதம் உபரி. மாவடு உப்பில் சுருங்கும்போது தோல் மடிவது போல, அந்த உபரி அலையும், மொட்டு விடும், சில சமயம் குழாயாகவும் நீளும். இதற்குப் புரதமே தேவையில்லை.

நான் இதில் எட்டு மாதத்தை இழந்தேன். என் புரதத்தில் சவ்வுக்குள் ஆப்பு போலச் செருகும் ஒரு சுருள் உண்டு. அதை வெட்டி நீக்கிய வடிவத்தைச் சோதித்தபோதும் அதே அளவு குழாய் வந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் நிற்காமல் விளக்கம் தேடினேன். சவ்வின் மேல் புரதங்கள் நெருக்கியடித்தாலே அது வளையும் என்று 2012-இல் காட்டியிருந்தார்கள். அது உண்மையான கண்டுபிடிப்பு. என் குழாய்களுக்குத்தான் அதோடு சம்பந்தமில்லை. இரண்டு புரதமும் ஒரே பஃபரில் இருந்தன, அவ்வளவுதான். ஒரு சீனியர் சொல்லி வெறும் பஃபரை விட்ட அன்று அதே குழாய்கள் வந்தன.

இன்றும் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் புரதம் எந்தப் பஃபரில் இருந்தது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எரிச்சலாக வருகிறது.

புரதத்தை வெளிக்கரைசலிலேயே டயாலிசிஸ் செய்யுங்கள், அதாவது நுண்துளைப் பையில் ஊறவைத்து அதன் பஃபரை மாற்றுங்கள். மில்லிஆஸ்மோலை ஆஸ்மோமீட்டரில் அளந்து பாருங்கள், கணக்குப் போட்டு நம்பாதீர்கள். வெறும் பஃபரை அதே அளவில், அதே வேகத்தில் விட்டுப் பாருங்கள். கிளிசரால் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது மெதுவாகச் சவ்வைக் கடந்து உள்ளே போகும். அதனால் வெசிக்கிள் முதலில் சுருங்கி அப்புறம் மீளும். "புரதம் ஒட்டிவிட்டுக் கழன்றது" என்று எழுதத் தோன்றும்.

அதற்காக விறைப்பான வெசிக்கிளைப் பயன்படுத்திவிடாதீர்கள். வளைவதற்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும். அந்தத் தளர்வு எவ்வளவு என்பதை முன்கூட்டியே நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

திசையை எழுதாமல் விடுவது

சவ்வை வளைக்கும் புரதங்களில் பார் (BAR) என்றொரு குடும்பம் உண்டு. பார் வகைப் புரதம் வெளியிலிருந்து ஒட்டினால் குழாய் வெளியே நீளும். ஐ-பார் (I-BAR) வகை ஒட்டினால் உள்ளே. அதனால் குழாய் எந்தப் பக்கம் நீண்டது என்று எழுதுங்கள்.

சின்னத் துகள் எளிதாக உள்ளே போகும் என்று நினைப்பது

நானோ துகளில் கை வைக்கும் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஹெல்ஃப்ரிச் 1973-இல் தந்த கணக்குப்படி, ஒரு துகளைச் சவ்வு முழுதாகச் சுற்றிக்கொள்ள ஆகும் வளைவுச் செலவு துகளின் அளவைப் பொறுத்ததல்ல. சாதாரண லிப்பிட் சவ்வுக்கு அது வெப்ப ஆற்றலை (மூலக்கூறுகள் வெப்பத்தால் தாமாக அசையும் ஆற்றல், kT) போல 500 மடங்கு வரும். ஒட்டுவதால் கிடைக்கும் வரவோ துகளின் பரப்போடு கூடும். ஆகவே துகள் மிகச் சிறிதானால் வரவு செலவுக்குப் போதாது. அது சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அப்படியும் சின்னத் துகள் உள்ளே போனது போலத் தெரிந்தால் முதலில் குப்பியைப் பாருங்கள். சிட்ரேட் பூசிய தங்கத் துகளை உப்புப் பஃபரில் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைசலின் சிவப்பு நீலமாக மாறும். அப்போது சவ்வு சுற்றியது துகள்களின் கட்டியை. சீரம் கலந்திருந்தால் துகளின் மேல் புரதப் போர்வை படிந்துவிடும்; சவ்வு தொடுவது அந்தப் போர்வையைத்தான், உங்கள் தங்கத்தை அல்ல.

படத்தில் குழாயின் தடிமனை அளப்பது

வேண்டாம். 30 நானோமீட்டர் குழாயும் 100 நானோமீட்டர் குழாயும் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒரே அகலம்தான்.

அந்த மாணவன் இன்று காலை வெறும் பஃபரை விட்டுப் பார்த்தான். குழாய் வந்தது. புரதத்தை டயாலிசிஸில் போட்டிருக்கிறான், நாளை எடுப்பான்.