நெல்லையிலிருந்து கிண்டிக்கு: துணையின்றி விடுதி சேரும் வழி

அண்ணா பல்கலைக்கழக விடுதிக்குத் தனியாகப் புறப்படும் மாணவர், சேர்க்கை ஆணை கிடைத்த அன்றே நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்துவிட வேண்டும். அது இயலாவிடில், பயணத்துக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் வகுப்புக்கான தட்கல் தொடங்கும்.

ஸ்லீப்பரில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்றாலும், அந்த அளவை நம்பி மூட்டை கட்ட வேண்டாம். உங்களுக்கான அளவுகோல் இதுதான்: எல்லாப் பைகளையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறி இறங்க முடிய வேண்டும். ஏனெனில், நடைமேம்பாலத்தின் கீழே ஒரு பையை விட்டுவிட்டு மேலே போய்வரும்போது அதைப் பார்த்துக்கொள்ள உடன் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே முதுகில் ஒன்று, கையில் சக்கரப் பெட்டி ஒன்று, அசல் சான்றிதழ்களும் பணமும் வைத்த சிறு தோள்பை ஒன்று என மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோள்பையை உறங்கும்போதும் தலைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி, பாய், தலையணை ஆகியவற்றைச் சென்னையிலேயே வாங்கலாம்.

எழும்பூர் வரை செல்லாமல் தாம்பரத்தில் இறங்குவதே என் பரிந்துரை. அங்கிருந்தே புறப்படும் மின்சார ரயில் காலியாக நிற்பதால், பெட்டியை நிதானமாக ஏற்றிக் கிண்டியில் இறங்கலாம். அங்கிருந்து பல்கலைக்கழகம் வரை பேருந்து உண்டு. முதல் நாள் மட்டும், சுமையை எண்ணி, ஆட்டோவுக்குச் சிறிது பணம் ஒதுக்கி வையுங்கள்.