'கொஞ்சம்தானே' என்று விட்டுவிடும் தவறுகள்

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்பவை. அன்றாடப் பழக்கங்கள் கணக்கில் வராமல் நழுவுவது அதனால்தான்.

சிகரெட்டில்தான் பெரிய தப்புக்கணக்கு. இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. இருபது பிடிப்பவருக்கு எவ்வளவு கூடுதல் அபாயம் உண்டோ, அதில் ஏறத்தாழ பாதி நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு. சிறிதளவு புகையே இரத்தத்தை உறையத் தூண்டும், நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கும். ஆகவே குறைத்ததோடு நிற்காமல், விடும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தவிப்பு தாங்கவில்லை என்றால் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ நிகோடின் சூயிங்கமோ உதவும்; மருத்துவரிடம் கேளுங்கள். அடியோடு விட்டால், புகையால் வந்த கூடுதல் இதய அபாயம் ஓராண்டில் பாதியளவு குறையும்.

உப்பில் நடப்பது வேறு. சமையலில் குறைத்தவர்கள் தின்பண்டப் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. பின்புறத்தில் '100 கிராமில் சோடியம் 600 மி.கி.' என்றிருந்தால், அதை 2.5 ஆல் பெருக்குங்கள்: 1.5 கிராம் உப்பு. பாக்கெட் 200 கிராம் என்றால் மொத்தம் 3 கிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே. ஒரே பாக்கெட்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறது!

காலையில் அரை மணி நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் தவறுதான். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இடையிடையே எழுந்து நில்லுங்கள்.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது கை தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். எண் சரியாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது.

இன்னொன்று மனதை வருத்துவது: எல்லாவற்றையும் நோயாளியின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது. இரவுப் பணி, கடன், பேச ஆளில்லாத தனிமை ஆகியவை தூக்கத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே குலைக்கும். இரவுப் பணி பார்ப்பவர் மருத்துவரிடம் முதலில் தன் பணி நேரத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரை, உணவு, ஏழு மணி நேரத் தூக்கம் மூன்றையும் அதற்கேற்பத்தான் அமைக்க முடியும்.