காங்கிரீட் சாலை ஜாயிண்டில் சீலன்ட் உரியாமல் இருக்க

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புப் பாதைக்குக் காங்கிரீட் போட்டு, ஜாயிண்டுகளுக்கு, அதாவது பலகைக்குப் பலகை இடையில் வரும் வெட்டுகளுக்கு, சீலன்டும் (ரப்பர் மாதிரி இறுகும் அடைப்புப் பசை) அடித்துக் கொடுத்தேன். அடுத்த கோடையில் தோப்புக்காரர் கூப்பிட்டார். முனையைப் பிடித்து அவர் இழுக்க, பாவாடை நாடா மாதிரி மொத்தமும் உருவி வந்தது. சரக்கு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தப்பு என்னுடையதுதான்.

கட்டர் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். காங்கிரீட் நன்றாக இறுகியபின், முதலில் போட்ட மெல்லிய வெட்டை 10 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழத்துக்கு விரியுங்கள்.

1. சுவரைச் சுத்தம் செய்தல்
நான் சறுக்கியது இங்கேதான். தண்ணீர் விட்டு வெட்டும்போது வரும் சிமென்ட் பால் சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும். துடைப்பத்துக்கெல்லாம் அது அசையாது. சீலன்ட் அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ளும்; தூள் உதிர்ந்தால் சீலன்டும் போச்சு. வெட்டிய கையோடு, காய்வதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். உலர்ந்ததும் இரு சுவரிலும் சாண்ட் பிளாஸ்ட் அடித்து, கம்ப்ரசரால் ஊதுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் கக்குகிறதா என்று முதலில் வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கறுப்புத் துணியை விரலில் சுற்றிச் சுவரில் தேயுங்கள். விபூதி மாதிரி ஒட்டினால் மறுபடியும் ஊத வேண்டியதுதான்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். ஊதியதும் அடைத்துவிடுங்கள். ஆனால் காலைப் பனி ஈரம் காயும்வரை தொடாதீர்கள்.

2. பேக்கர் ராட்
சீலன்டுக்கு அடியில் திணிக்கும் நுரைக் கயிறு இது. 10 மி.மீ. ஜாயிண்டுக்கு 12 மி.மீ. ராட். இது இல்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். நாலரை மீட்டர் காங்கிரீட் பலகை, வெப்பம் 30 டிகிரி ஏறி இறங்கினால் சுமார் 1.3 மி.மீ. நீண்டு சுருங்கும். மூன்று பக்கமும் ஒட்டியது எப்படி இழுபடும்? கிழியும். ராடை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி இறக்காதீர்கள். ஓட்டை விழுந்தால் சீலன்டில் குமிழி கிளம்பும். நான் மழுங்கலான மரச்சட்டம் வைத்திருக்கிறேன், 10 மி.மீ. ஆழத்தில் கோடு போட்டு.

3. அடைத்தல்
சிலிக்கான்தான் என் கட்சி. பாலிசல்ஃபைடும் நல்ல சரக்குதான், ஆனால் இரண்டு டப்பாவை அளவு மாறாமல் கலக்க ஆளுக்கு எங்கே போவது? 5 மி.மீ. கனம் போதும், சாலை மட்டத்துக்கு 5 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள். மேலே பிதுங்கினால் டயர் பிய்த்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்து அடித்த ஒருவருக்கு மாதத்திலேயே கழன்றுவிட்டதாம். விசாரித்தால், குளியலறைக்கு அடிக்கும் வினிகர் வாடைச் சரக்கு. அது காங்கிரீட்டில் சரியாகப் பிடிக்காது. நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். சரிவான பாதை என்றால் தானே மட்டமாகும் வகை வேண்டாம், ஓடிவிடும். கெட்டியான வகையை அடித்து, தோல் கட்டுவதற்குள் வளைந்த கரண்டிக் காம்பால் அழுத்தி இழுத்துவிடுங்கள்.